பிடி போன சவரக்கத்தி

கொஞ்சம் நீளமான இழை இது. வழக்கமா முட்டு வலி, எலும்புத் தேய்மானம், கால்சியம் மாத்திரைன்னு எழுதுற ஆள், இன்னைக்கு சவரக்கத்தி பத்தி எழுதப் போறேன். ஆஸ்பத்திரி வாசம் இல்லாம எனக்கு எழுத வராது. நடுவுல எலும்பு முறிவும் வரும், மஞ்சள் காமாலையும் வரும். பொறுத்துக்கோங்க.

2024 பொங்கல் கழிஞ்ச மறுவாரம். பாளையங்கோட்டையில என் கிளினிக். கடைசி டோக்கன். எழுபத்தெட்டு வயசுப் பெரியவர், முட்டு வலிக்கு நாலஞ்சு வருசமா வர்றவர். ஆத்தங்கரையை ஒட்டி சிந்துபூந்துறைப் பக்கம் வீடு. ஐம்பது வருசம் சலூன் வச்சிருந்தவர், இப்போ மகன் பாத்துக்கிறார். பேர் வேண்டாம். நான் அவரை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன், இங்கயும் அப்படியே இருக்கட்டும்.

மருந்துச் சீட்டை வாங்கிட்டும் எழுந்திரிக்கல. மஞ்சப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில வச்சார்.

"முட்டு கெடக்கட்டும் டாக்டர். இதுக்கு ஏதும் வைத்தியம் உண்டுமான்னு பாருங்க. நீங்க பழைய பேனாவெல்லாம் ரிப்பேர் பாப்பீயளாம்லா, நர்ஸம்மா சொன்னாவ."

டப்பாவைத் திறந்ததும் முதல்ல வந்தது வாசம். ஆத்து வண்டல், துரு, அதுக்கு மேல சூடமும் புளிப்பும் கலந்த மாதிரி ஒரு நெடி. உள்ள மூணு மடக்குக் கத்தி. எங்க தலைமுறைக்கு முந்தின ஆட்களுக்குத் தெரிஞ்ச, சலூன்ல வார்ல தீட்டித் தீட்டி சவரம் பண்ணுவாங்களே, அந்தக் கத்தி. மூணுக்கும் பிடிதான் போயிருந்தது.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி. 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள்ல பெய்தது சாதாரண மழை இல்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல. வெள்ளத்துல குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குறது எங்களுக்குப் பழக்கம். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள தாமிரபரணி வந்தது பழக்கம் இல்ல. அண்ணாச்சி வீட்டுக்குள்ள இடுப்பளவுத் தண்ணி. ரெண்டு நாள் கழிச்சு வந்து பாத்தப்போ டப்பா சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்திருக்கு.

"92 வெள்ளத்துல மொதல்ல தூக்குனதே இந்தப் பெட்டியத்தான் டாக்டர். தலையில வச்சிக்கிட்டு மேட்டுக்குப் போனேன். இந்தத் தடவ நெனப்பே வரல. கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு."

1992 நவம்பர்ல தலைமேல போன பெட்டி, 2023 டிசம்பர்ல ஏன் கட்டிலுக்கு அடியில கிடந்ததுன்னு அன்னைக்கு நான் கேக்கல. கேட்டிருந்தா டப்பாவை வாங்கியிருப்பேனான்னு தெரியல. அது பின்னால வருது.

கத்தியைப் பாக்காதவங்களுக்கு அதோட உடற்கூறு. பிடின்னா ஒரே துண்டு இல்ல. ஏறக்குறைய மூணு மில்லிமீட்டர் கனத்துல ரெண்டு பட்டை. ஒரு முனையில ஒரு ஆணி, கத்தி அதுல சுத்தும். மறு முனையில ரெண்டு பட்டைக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு, அதையும் ஒரு ஆணி பிடிச்சிருக்கும். அந்த ஆப்பு இருக்கறதாலதான் பட்டை ரெண்டும் லேசா விரிஞ்சு நின்னு, மடக்கும்போது கத்தி வாய் எதுலயும் படாம உள்ள போகும். பட்டை கோணிச்சுன்னா மடக்குற ஒவ்வொரு தடவையும் வாய் பக்கவாட்டுல உரசி மழுங்கும். சலூன்காரர் கைக்கும் அது ஆபத்து. அதனால பிடிங்கறது அலங்காரம் இல்ல. கூர்மைக்கு வீடு அதுதான்.

மூணுல ஒண்ணுக்குப் பெரிசா சேதம் இல்ல. மரப்பிடி, ஆணி மட்டும் துரு. அதை விட்டுருவோம்.

ரெண்டாவது ஜெர்மன் கத்தி. சோலிங்கன்னு அடிச்சிருக்கும், கீழே ஜெர்மனின்னும் இருக்கும். சோலிங்கன் அங்க கத்தி ஊர், நம்ம பத்தமடைக்குப் பாய் மாதிரி. இதோட பிடி தந்தம் மாதிரி தெரியும், கோடு கோடா ஓடியிருக்கும். தந்தம் இல்ல, செல்லுலாய்டு. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்துல போட்டு, சூடம் சேத்துப் பண்ணின பொருள். பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தம் கட்டுப்படியாகலன்னு மாற்று தேடப் போய், 1870-ல் அமெரிக்காவுல ஹயாட் சகோதரர்கள் காப்புரிமை வாங்கினது. சீப்பு, பொம்மை, சினிமா பிலிம், சவரக்கத்திப் பிடின்னு உலகம் பூரா பரவிச்சு.

இதுக்கு ஒரு கெட்ட குணம். வயசானா தானா அழுகும். அழுகும்போது அமிலப் புகை விடும். அந்தப் புகை முதல்ல தன் கத்தியைத் தின்னும், அப்புறம் பக்கத்துல படுத்திருக்கிற கத்தியையும் தின்னும். டப்பாவைத் திறந்ததும் வந்த சூடமும் புளிப்பும் இதுதான். வெள்ளம் சும்மா வேகப்படுத்தியிருக்கு, அவ்வளவுதான். வியாதி முன்னாலயே இருந்திருக்கு. நான் முதல்ல செஞ்ச காரியம் தொத்து வியாதி வார்டுல செய்யறதுதான்: அந்தக் கத்தியைத் தனியாப் பிரிச்சேன். உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட கத்தி இருந்து, பிடியில சூட வாசம் வந்தா, அதை மத்த எதோடயும் சேத்து மூடி வைக்காதீங்க. அடுப்புக்குப் பக்கத்துல கொண்டு போகவே போகாதீங்க, நெருப்பு பட்டா குப்புன்னு பத்தும்.

எங்க தொழில் இந்தப் பாடத்தை ரொம்ப விலை கொடுத்துப் படிச்சது. அந்தக் காலத்து எக்ஸ்ரே பிலிமும் இதே நைட்ரேட் சரக்குதான். 1929 மே 15, அமெரிக்காவுல கிளீவ்லாந்து கிளினிக்கோட அடித்தளத்துல அடுக்கி வச்சிருந்த பிலிம் பத்திக்கிச்சு. 123 பேர் செத்தாங்க. நிறைய பேர் தீயில சாகல, அந்தப் புகையில செத்தாங்க. அதுக்கப்புறம்தான் பிலிமைப் பத்திரமான சரக்குக்கு மாத்தணும், வைக்கிற இடத்துக்கு விதி வேணும்னு உலகம் விழிச்சது. அண்ணாச்சி கையில இருந்த பிடி அந்தக் குடும்பத்து வாரிசு.

பிடியைத் தொட்டதும் பொறை ரொட்டி மாதிரி உதிர்ந்தது. ஒட்ட முடியாது. ஆணியை அரத்தால ராவி, கத்தியைப் பிரிச்சு எடுத்து, துருவைத் தேச்சு, பிடி புதுசா போட்டாகணும்னு முடிவு பண்ணினேன். அம்பாசமுத்திரத்துல சொப்பு சாமான் கடையற ஒரு கடைசல்காரர் எனக்குப் பழக்கம். முன்ன ஒரு தடவை கையில பிளேட் போட்டு விட்டிருக்கேன். அவர்கிட்ட ரெண்டு பட்டை வேணும்னேன். "உருட்டித்தான் பழக்கம் சார், தட்டையால்லாம் கேக்காதீய"ன்னு சிரிச்சார். ஆனா கழிச்சுப் போட்ட தோதகத்தித் துண்டுல இழைச்சுக் குடுத்துட்டார், காசு வாங்கல.

மூணாவதுதான் விசயம்.

அது இங்கிலீஷ் கத்தி, செஃபீல்டு. தண்டுல நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும். ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி முத்திரை அது. எருமைக் கொம்புப் பிடி. கறுப்பா, எண்ணெய் போட்ட மாதிரி இருந்திருக்க வேண்டியது, சாம்பல் பூத்து, இலை மாதிரி சுருண்டு, சுத்துற ஆணிகிட்ட ஒரு பட்டை குறுக்கா முறிஞ்சு கிடந்தது. மூலையில பழைய பள்ளம் ரெண்டு, பூச்சி அரிச்சது.

"இது அப்பாவோடது"ன்னு மட்டும் சொன்னார்.

கொம்பு எலும்பு இல்ல. நம்ம நகம், முடி எல்லாம் எதனால ஆனதோ அதேதான், கெரட்டின். தோசையை அடுக்கி வச்ச மாதிரி அடுக்கடுக்கா வளரும். தண்ணியில கிடந்தா ஊறி உப்பும். சோப்புத் தண்ணியில ரொம்ப நேரம் வேலை பாத்தா நகம் எப்படி மெதுவாகுது? அப்படி. வெயில்ல காய வச்சா அடுக்கு அடுக்கா பிரியும். பூச்சி அரிக்கிறதும் அதனாலதான், கம்பளித் துணியைத் திங்கிற அதே சாதி.

அதனால அவசரப்படல. நியூஸ் பேப்பர்ல சுத்தி, ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு, மேல மருத்துவப் புத்தகம் நாலு. நிழல்ல ஒரு மாசம். எங்க அறுவை சிகிச்சைப் புத்தகங்கள் இதைவிட நல்ல காரியம் செஞ்சு நான் பாத்ததில்ல. அப்பவும் ஒரு பட்டை நிமிரல. வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டா கொம்பு இளகும், கையால வளையும். இளகினதும் பலகைக்கு நடுவுல வச்சு முறுக்கி, ஆற விட்டேன். நேராச்சு.

அடுத்து நான் பண்ணினது முட்டாள்தனம். காஞ்சு கிடக்கேன்னு பாவப்பட்டு தேங்காயெண்ணெய் தடவிட்டேன். கொம்பு ஆசையா குடிச்சிருச்சு, பளபளன்னு ஆயிருச்சு. அப்புறம் முறிவுல பசை வச்சா ஒட்டல! எண்ணெய் ஊறின இடத்துல எந்தப் பசை பிடிக்கும்? ஸ்பிரிட் போட்டுப் போட்டுத் துடைச்சு அதைச் சரிபண்ண ஒரு வாரம் போச்சு. நீங்க செய்யறதா இருந்தா பசை முதல்ல, எண்ணெய் கடைசியில.

முறிவு சுத்துற ஆணித் துளை வழியாவே ஓடியிருந்தது. கத்தி திறக்கும்போதும் மூடும்போதும் முழு பாரமும் விழற இடம். வெறும் பசையில நிக்காது. எலும்புல இப்படி முறிஞ்சா நாங்க என்ன பண்ணுவோம்? பிளேட் வைப்போம். அதேதான். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பித்தளைத் தகடு, விரல் நகம் அளவு வெட்டி, உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி, பட்டையோட உள்பக்கம் அரால்டைட் வச்சு ஒட்டினேன். வெளிய இருந்து பாத்தா தெரியாது. பூச்சிப் பள்ளத்துக்கு, கொம்பை ராவின தூளையே எடுத்து ஃபெவிக்விக்ல குழைச்சு அடைச்சேன். காஞ்சதும் ராவி மட்டமாக்கினா கறுப்போட கறுப்பா போயிருச்சு. (கொம்பு ராவும்போது மாஸ்க் கட்டாயம். முடி கருகின நாத்தம் வரும், அது பரவாயில்ல, தூள் நுரையீரலுக்கு ஆகாது. இன்னொண்ணு, பழைய செஃபீல்டு கத்திகள்ல அந்த ஆப்பு பல சமயம் ஈயம். வெள்ளையா பூத்திருக்கும். அதைத் தேய்க்காதீங்க, கையுறை போட்டுத் தொடுங்க, அப்புறம் கை கழுவுங்க.)

ஆணி. இங்கதான் டாக்டர் திமிர் வேலை செஞ்சது. துளை 1.6 மில்லிமீட்டர். எங்க அறையில அதே அளவுல சாமான் கிடக்கு: கிர்ஷ்னர் கம்பி. விரல் எலும்பு முறிஞ்சா குறுக்கா சொருகுவோமே, அது. துரு பிடிக்காத எஃகு, இதைவிட என்ன வேணும்னு வெட்டிச் சொருகினேன். சொருகினா போதாது. ரெண்டு முனையையும் சுத்தியால தட்டித் தட்டி, காளான் குடை மாதிரி விரியவைக்கணும், அப்போதான் நிக்கும். அந்த எஃகு விரியுமா? கொஞ்சம் பலமா தட்டினேன். கம்பி அசையல, கொம்புல டக்னு ஒரு சத்தம். ஒரு மாசம் காய வச்ச பட்டையில புது விரிசல்.

முப்பது வருசமா எலும்புக்குள்ள சுத்தியல் அடிக்கிற ஆளு நான். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

மறுநாள் டவுன்ல, தேரடிக்குப் பக்கத்துல நகைப் பட்டறை வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட போய் உக்காந்தேன். அவர் பாத்துட்டு, "சார், ஆணி பட்டையைவிட இளகலா இருக்கணும். நோவு ஆணிக்குத்தான் போகணும்"ன்னார். வெல்டிங் கடையில பித்தளை ஒட்டறதுக்கு விக்கிற கம்பி, அதே 1.6-லயே கிடைக்குது. அதை வாங்கச் சொன்னார். தன்னோட குட்டிச் சுத்தியலையும் குடுத்து, தட்டிக் காமிச்சார். அடி இல்ல அது. மழை ஓட்டுல விழற மாதிரி, அவ்வளவு லேசு, நூறு தட்டு. கொஞ்சம் கொஞ்சமா முனை உருண்டு வருது. ரெண்டு பக்கமும் சின்னப் பித்தளை வளையம். எஃகுதான் வலுன்னு என் மண்டையில ஊறியிருந்த நம்பிக்கையை பத்து நிமிசத்துல எடுத்துட்டார்.

நடுவுல ஒரு நாள் அண்ணாச்சி முட்டுக்கு ஊசி போட வந்தார். வேலை எவ்வளவு தூரம்னு காமிச்சேன். முறிஞ்ச பட்டையை விரலால தடவிட்டே இருந்தார். அப்புறம் பேச ஆரம்பிச்சார்.

அவங்க அப்பா சேரன்மகாதேவிப் பக்கம் கிராமத்துல குடிமகன். வீடு வீடா போய் சவரம். கூலி நெல்லு, அறுவடைக்கு அறுவடை. இந்தக் கத்தி எப்படி வந்துச்சுன்னு தெரியாது. ஆனா ஊர்ல யாருக்குக் கட்டி வந்தாலும் கீறுறது அவர்தான், கீறினது இந்தக் கத்தியாலதான். அம்மா ஊருக்கே பிரசவம் பாத்தவங்க.

இது ஒண்ணும் புதுக் கதை இல்ல. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் போட்ட தென்னிந்தியச் சாதிகள் தொகுதியில, இந்தச் சமூகத்து ஆண்கள் ரண வைத்தியம் பாக்கறதையும் பெண்கள் பிரசவம் பாக்கறதையும் எழுதியிருக்கார். அந்தச் சமூகத்துக்குப் பேரே மருத்துவர். நம்ம அரசுப் பட்டியல்ல மருத்துவர், நாவிதர், மங்கலான்னு வர்ற வரிசையில கடைசியா ஒரு பேர் இருக்கும், பிராணோபகாரி. உயிருக்கு உதவுறவர். இங்கிலாந்துலயும் இதே கதைதான். 1540-ல் எட்டாம் ஹென்றி நாவிதர்களையும் ரண வைத்தியர்களையும் ஒரே சங்கமாச் சேத்தார். 1745-லதான் பிரிஞ்சாங்க. அங்க இன்னைக்கும் அறுவை சிகிச்சை நிபுணரை டாக்டர்னு கூப்பிடாம மிஸ்டர்னு கூப்பிடறது அந்த மிச்சம். எங்க அப்பா பிறந்தது 1936-ல், வீட்டுல. பிரசவம் பாத்தது ஒரு மருத்துவச்சி. என் வாசல்ல இருக்கிற போர்டுல நான் போட்டிருக்கிற சொல், அவங்களுக்கு எனக்கு முன்னாலயே இருந்த சொல்.

அப்புறம் அவர் சொன்னார். "உங்களுக்கு ஞாவகம் இருக்காது டாக்டர். 93-ல நீங்க எங்களுக்குக் கூட்டம் போட்டுப் பேசுனீய."

ஞாபகம் இல்ல. அவர் சொல்லச் சொல்ல வந்துச்சு.

சென்னையில சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலாவும் இந்தியாவோட முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சது 1986. அடுத்த ஏழெட்டு வருசம் நாடு பூரா பயம். நான் அப்போ ஹவுஸ் சர்ஜன், இருபத்திநாலு வயசு. ஒரு பள்ளிக்கூட ஹால்ல சலூன்காரங்க நாப்பது பேரை உக்கார வச்சு விழிப்புணர்வுக் கூட்டம். பெரியவங்க யாரும் வரலன்னு என்னைப் பேசச் சொன்னாங்க. ஒரே கத்தியைப் பத்துப் பேருக்குப் போடாதீங்க, பிளேடு மாத்துங்கன்னு பேசினேன். அது சரி. பேசுற வேகத்துல, இந்தப் பழைய கத்தியெல்லாம் குப்பையில போடுங்க, இது கத்தி இல்ல வியாதின்னு ஒரு பஞ்ச் அடிச்சிருக்கேன். கைதட்டு விழுந்திருக்கும்னு நினைக்கிறேன். பின்னால இருந்து ஒருத்தர் எழுந்து, "அப்போ இத்தன நாளா எங்க கையிலதான் சீக்கா சார்?"ன்னு கேட்டிருக்கார். "கையில இல்ல, கத்தியில"ன்னு சொல்லிச் சிரிச்சேனாம்.

அண்ணாச்சி மூணாவது வரிசையில இருந்திருக்கார்.

"நீங்க சொன்னது சரிதான் டாக்டர். மறுநாளே பாதி பிளேடு மாட்டுற கத்தி வாங்கிட்டேன். ஆனா அப்பா கத்தியில சீக்குன்னு சொன்ன மாதிரி ஆயிட்டு. கடையில கண்ணாடிக்கு மேல சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். எறக்கிட்டேன்."

எறக்கினது முதல்ல வீட்டு அலமாரிக்கு, அப்புறம் பீரோவுக்கு அடியில, அப்புறம் கட்டிலுக்கு அடியில. அங்கதான் ஆறு வந்து எடுத்துக்கிச்சு.

இப்போ டாக்டரா சில விசயம் சொல்லிர்றேன், யாரும் இதைப் படிச்சுட்டு பழைய கத்தியில சவரம் பண்ணிக்கக் கிளம்பிடக் கூடாது. எச்.ஐ.வி. உடம்புக்கு வெளிய பலவீனமான கிருமி. சலூன் கத்தியில நிஜமாப் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி. காஞ்ச ரத்தத்துல ஏழு நாள் வரைக்கும்கூட உயிரோட இருக்கும், கண்ணுக்குத் தெரியாத துளி போதும். படிகாரம் தேய்ச்சாலோ டெட்டால்ல முக்கினாலோ அது போகும்னு நம்பாதீங்க. ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு, அதுதான் விதி. தடுப்பூசியும் இருக்கு, போட்டுக்கோங்க. ஆக நான் அன்னைக்குச் சொன்ன விதியில தப்பு இல்ல.

நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. இந்தப் பிடியை ரெண்டு மாசம் கையில வச்சிருந்த பிறகுதான் எனக்கே அது உறைச்சது. கத்தி எஃகு. 121 டிகிரி நீராவியில பதினஞ்சு நிமிசம் வச்சா எந்தக் கிருமியும் நிக்காது. ஆனா பிடி? கொம்பு கோணும். செல்லுலாய்டைச் சூட்டுல வைக்கவே கூடாது. ரெண்டு பட்டைக்கு இடையில, ஆணியைச் சுத்தி, ஆப்புக்கு அடியில ரத்தமும் நுரையும் போய் உக்காரும், எந்த பிரஷும் எட்டாது. தோத்தது கத்தி இல்ல, பிடி.

எங்க கத்தியும் இப்படித்தான் இருந்துச்சு. 19-ஆம் நூற்றாண்டு அறுவை சிகிச்சைக் கத்திகளை மியூசியத்துல பாருங்க. கருங்காலி, தந்தம், கொம்பு, அழகழகா பிடி. நீராவியில கிருமிநீக்கம் பண்ற முறை வந்ததும் எல்லாம் போச்சு, முழு உலோகமாச்சு. 1915-ல் மார்கன் பார்க்கர்னு ஒருத்தர் பிளேடை மட்டும் கழட்டி மாட்டுற கத்திக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு உலகம் பூரா ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கிறது அதோட வம்சம். அண்ணாச்சி 93-ல வாங்கின பாதி பிளேடு கத்தியும் அதே யோசனைதான். எங்க முன்னோர் கத்தியை யாரும் வியாதின்னு சொல்லல. முறை மாறிச்சுன்னு சொன்னாங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சாங்க. அவரோட கத்தியை நான் குப்பையில போடச் சொன்னேன்.

அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேனான்னு கேப்பீங்க. கேட்டேன், நல்லா வரல. "அதுக்கென்ன டாக்டர், சின்னப் பிள்ளையா இருந்தீய"ன்னுட்டு முட்டைத் தேச்சுக்கிட்டே போயிட்டார்.

புது விரிசலையும் அடைச்சு, பித்தளை ஆணி தட்டி, பழைய எக்ஸ்ரே பிலிம்ல (பயப்படாதீங்க, புதுச் சரக்கு, பத்தாது) ரெண்டு சின்ன வட்டம் வெட்டி கத்திக்கு ரெண்டு பக்கமும் வளையமா போட்டு முடிக்க சித்திரை ஆயிருச்சு. கத்தி வாய்க்கு கடைசி வரைக்கும் பிளாஸ்திரி ஒட்டியே வச்சிருந்தேன். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை அது. ரெண்டாம் நாள் செஞ்சேன், இடது கட்டைவிரல்ல தழும்பு இருக்கு.

கத்திகளை எடுத்துக்கிட்டு கடைக்கே போனேன். தோதகத்திப் பிடி போட்டதை முதல்ல எடுத்தார். விரல்ல வச்சு நிறுத்திப் பாத்தார். "பிடி கனம். கத்தி பின்னால இழுக்கு." சரிதான், நான் அழகுக்காகக் கனமா விட்டிருந்தேன். செஃபீல்டு கத்தியை எடுத்தார். பேச்சு இல்ல. வெளிச்சத்துக்குத் தூக்கி, மூடினப்போ வாய் நடுவுல நிக்குதான்னு பாத்தார். நின்னுச்சு. கட்டைவிரலால தட்டித் திறந்தார். பாதியில நின்னுது.

"இறுக்கம்."

"பழகினா இளகிரும் அண்ணாச்சி."

"இளகாது. ஆணிய ரொம்பத் தட்டிட்டீய. ஒத்த விரல்ல வரணும், ஆனா தானா விழக் கூடாது. கொண்டு போங்க."

கொண்டு போனேன். ஆணியை ராவி எடுத்து, புது ஆணி, மறுபடி தட்டல். இந்தத் தடவை பத்து தட்டுக்கு ஒரு தடவை திறந்து மூடிப் பாத்துப் பாத்து. நகைப் பட்டறைக்காரர்கிட்ட காமிச்சேன், தலையாட்டினார். மரப்பிடியையும் இழைச்சு மெலிசாக்கினேன்.

மறுபடி போனது ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மகன் டீ குடிக்கப் போயிருந்தார், கடையில வேற ஆள் இல்ல. அண்ணாச்சி கத்தியை வாங்கி ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டார். ஒத்த விரல். திறந்துச்சு. மூடினார், திறந்தார், மூடினார். சுவத்துல தொங்கின தோல் வாரை இழுத்துப் பிடிச்சு, சளக் சளக்னு ரெண்டு பக்கமும் தீட்ட ஆரம்பிச்சார். முட்டு வலிக்கிற ஆள் மாதிரியே இல்ல, உடம்பு பூரா அந்தத் தாளத்துல ஆடுது.

"உக்காருங்க டாக்டர்."

உக்காந்தேன். துணியைப் போட்டார், நுரை தடவினார். கண்ணாடியில அந்தக் கத்தி பளபளன்னு தெரிஞ்சது. என் கை எனக்குத் தெரியாமலே கழுத்துக்குப் போயிருச்சு. அதை அவரும் கண்ணாடியில பாத்துட்டார்.

ஒண்ணும் சொல்லல. கத்தியை மடக்கி, கண்ணாடிக்கு மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சார். இழுப்பறையைத் திறந்து புது பிளேடு ஒண்ணை எடுத்து, காகிதத்தோட வளைச்சு டக்னு ரெண்டா ஒடிச்சு, பாதியை மாட்டினார்.

"நீங்க சொன்னதுதான டாக்டர்"ன்னார். "தலையச் சாச்சுக்கோங்க."